ரேகை விழாத பத்து விரல்

விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் தொழிலில், விசா கிடைத்தால் பெருமை வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு, கிடைக்காவிட்டால் பழி டைப் அடித்தவளுக்கு.

ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பதினெட்டு வருஷம் இந்தப் பழியைச் சுமந்தேன். தொண்ணூறுகளில் என்னிடம் இருந்தது இரண்டு டைப்ரைட்டர். இரண்டாயிரம் பிறந்ததும் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அது நாலாகப் பெருகியதும் வாசலில் ‘பிரவுசிங் சென்டர்’ என்று போர்டு மாட்டினேன். மாறாதது என் கோபம் ஒன்றுதான். எனக்குப் பொறுமை கிடையாது என்று என் அம்மாவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்களை ஒன்று விடாமல் நிரப்பி, கடைசிப் பக்கத்தில் பொத்தானை அழுத்தியதும் எல்லாம் மாயமாகி முதல் பக்கம் வந்து இளித்த அனுபவம் உங்களுக்கும் உண்டு என்றால், நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயம், இதில் முக்கியமாக வரும் தேசத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். என் தம்பி மகனின் விண்ணப்பம் இப்போது அங்கேதான் கிடக்கிறது.

வெள்ளை மை செல்லாது

டைப்ரைட்டர் காலத்தில் விசா என்பது காகிதம். சென்னைக்குப் போய் வரிசையில் நின்று படிவம் வாங்கி வர வேண்டும். அதில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது, வெள்ளை மை தடவினால் செல்லாது. பட்டுப்புடவை மொத்த வியாபாரி ஒருவர் மலேசியாவில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போக வேண்டும் என்று மூன்று படிவத்தோடு வந்தார். பெரிய மனிதர். காஞ்சிபுரம் கடைகளுக்கே சரக்கு அனுப்புகிறவர்.

முதல் படிவம் முடியப் போகும் நேரத்தில், தான் பிறந்தது ஆரணியில் இல்லை, அம்மாவின் ஊரான தேசூரில் என்று ஞாபகம் வந்தது அவருக்கு. இரண்டாவதில் பாஸ்போர்ட் எண்ணைக் கண்ணாடி போடாமல் படித்துச் சொன்னார். மூன்றாவதில் தப்பு என்னுடையது, அதை அவர் பெருந்தன்மையாக இரண்டு முறைதான் சுட்டிக் காட்டினார். மறுபடி சென்னைக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்து, என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் ஒவ்வொரு எழுத்தாக அடிப்பதை மூச்சு விடாமல் பார்த்தார். முடிந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“பொடவையில ஒரு இழ தப்புனா தள்ளுபடி போட்டாவது வித்துடலாம்மா. இதுல இன்னா தள்ளுபடி குடுக்கறது?”

போட்டது நேற்று, வந்தது இன்று

கம்ப்யூட்டர் வந்த பிறகு நான் முதலில் வாய் பிளந்தது சிங்கப்பூர் விசாவைப் பார்த்து. நாம் நேராக விண்ணப்பம் போட முடியாது, சென்னையில் அனுமதி பெற்ற ஏஜெண்டு மூலமாகத்தான் போக வேண்டும். நான் இங்கே விவரங்களை அடித்து, போட்டோவை ஸ்கேன் செய்து அவருக்கு மெயில் அனுப்புவேன். அவர் தன் ரகசிய எண்ணைப் போட்டு அந்த தேசத்துத் தளத்தில் ஏற்றுவார். அங்கே யாரோ ஒரு அதிகாரி பார்த்து முடிவு சொல்வார். எந்த மேஜையிலும் தூசு படிய விடமாட்டார்கள் போலிருந்தது.

சேத்துப்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் மகனைப் பார்க்கப் போக வந்தார். காலையில் விவரம் கொடுத்துவிட்டு, இதற்காக எத்தனை மாதம் அலைய வேண்டும் என்று கேட்டார். நாளைக்கு வந்து பாருங்கள் என்றேன். அவர் நம்பவில்லை, அடுத்த வாரம்தான் வந்தார். விசா மறுநாளே வந்து என் மேஜை டிராயரில் கிடந்தது. கையில் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று ரகசியமாகக் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, கிட்டத்தட்டத் துக்கம்.

“ஒரு பட்டா மாத்த நான் நடந்த நடைக்கு, சிங்கப்பூருக்கு நடந்தே போயி நடந்தே வந்திருக்கலாம்மா.”

ஆம் அல்லது இல்லை

சில தேசத்து விண்ணப்பங்களில் கடைசியாக ஒரு பக்கம் வரும். நீங்கள் குண்டு வைத்ததுண்டா, ஆள் கடத்தியதுண்டா, எந்த ஊரிலாவது எந்தக் குற்றமாவது செய்ததுண்டா என்று வரிசையாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் இல்லை என்று நானே தட்டிவிடுவேன். உண்மையில் குண்டு வைத்தவன் ஆம் என்று போடுவானா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

தெள்ளாரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அப்படி விட மறுத்தார். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொன்னார். கண்ணை மூடி யோசித்து, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். அவ்வளவு தூரத்தில் இருக்கிற சர்க்கார் தன்னைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிப்பது அவருக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. கடைசிக் கேள்வியில் மட்டும் நின்றுவிட்டார். வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சின்ன வயசுல ஒரு கோழி திருடிகீறன். அத்த எந்தக் கட்டத்துல எழுதறது?”

வீட்டில் சும்மா

இனி வரப்போவதெல்லாம் கன்னியம்மாக்கா கதை. கம்ப்யூட்டர் நாலான பிறகு ஒரு வருஷம் ஆடி மாதத்தில் அவரும் அவர் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் கடைக்கு வந்தார்கள். ஏகாம்பரம் ஆரணியிலேயே கொசப்பாளையத்தில் பட்டுத்தறி நெய்கிறவர்; தறியில் நீளவாக்கில் பூட்டும் நூலைத்தான் பாவு என்பார்கள். மகள் தேவிகா கல்யாணமாகிப் போனது நான் பெயர் சொல்லாத அந்த தேசத்துக்கு. முதல் குழந்தை வயிற்றிலேயே தங்காமல் போயிற்று. இப்போது மறுபடி உண்டாகி, ஐப்பசியில் நாள் குறித்திருந்தார்கள். படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. மாமியார் இல்லை. அம்மா வந்தால்தான் பெற்றுக்கொள்வேன் என்று போனில் தினமும் அழுதாள் அந்தப் பெண்.

விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டம் வந்தது. நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். கேள்வி அவர் மனைவியைப் பற்றி, பதிலை நான் அவரிடம் எதிர்பார்த்தேன், அதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. அவர் சொன்னதைக் கேட்டு ‘இல்லத்தரசி’ என்று தட்டினேன். என் கடைக்கு வந்த எல்லா நெசவு வீட்டுப் பெண்களுக்கும் அப்படித்தான் தட்டியிருந்தேன். சம்பளப் பட்டியல் கேட்டால் கொடுக்க முடியாது, வேலை கொடுத்தவர் கடிதம் கேட்டால் காட்ட முடியாது, இல்லத்தரசி என்றால் ஒரு கேள்வியும் வராது.

ஸ்கேன் செய்து ஏற்ற ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னதும் கன்னியம்மாக்கா பேனாவை வாங்கி, பெயரை முழுதாக அழகாக எழுதினார். பரவாயில்லையே என்றேன். கைநாட்டு வைத்தால் மை வெறும் உருண்டையாகத்தான் விழுகிறது, அதனால் ரேஷன் கடையில் கையெழுத்துக் கற்றுக்கொண்டு வா என்று விரட்டிவிட்டார்கள் என்றார். நான் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தத் தொழில் கட்டத்துக்கு ஏகாம்பரம் சொன்னது இதுதான்:

“வேலயா? ஊட்ல சும்மாதான் கீறா. அப்பப்ப யாரூட்டுப் பாவாவது பிணைக்கப் போவா, அவ்ளோதான்.”

அறுந்த இடம்

அந்தத் தளத்தில் இருபது நிமிஷம் கை வைக்காமல் இருந்தால் பக்கம் செத்துப் போகும். ஆரணியில் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் கரண்டு போகும். இரண்டுக்கும் இடையில் நான். முதல் தரம் ஒன்பதாம் பக்கத்தில் போயிற்று. இரண்டாம் தரம் தேவிகாவின் முகவரியைத் தேடி ஏகாம்பரம் சட்டைப் பைகளைத் துழாவுவதற்குள் போயிற்று. மூன்றாம் தரம் நான் மவுஸைத் தூக்கி மேஜையில் அடித்தேன். ஏகாம்பரம் பயந்துபோய் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கன்னியம்மாக்கா அசையவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரே மாதிரி ஒரு நீல எழுத்து வருகிறதே, அது என்ன என்று கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் எரிச்சலோடு படித்தேன். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், விட்ட பக்கத்திலிருந்து மறுபடி தொடரலாம் என்று எழுதியிருந்தது. எத்தனையோ மாதமாக அந்த விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த நான் அதைப் படித்ததே இல்லை. அவருக்கு அந்த எழுத்து தெரியவில்லை, ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டிருக்கிறது. பேனாவை எடுத்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்:

“அறுந்தா அறுந்த எடத்துல புடிக்கணும் கண்ணு. நீ இன்னாத்துக்கு மொதல்லேர்ந்து வந்துகினு கீற?”

பச்சை விளக்கு

ஆவணியில் சென்னையில் நேர்காணல். ஏகாம்பரம் தறியை விட்டு வர முடியாததால் நானே கூடப் போனேன். காஞ்சிபுரம் வழியாக முதல் பஸ். விண்ணப்பித்தவர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்பதால் நான் எதிர்ச் சாரியில் மரத்தடியில் நின்றேன். என்னைப் போல அங்கே நிறையப் பேர் நின்றார்கள். உள்ளே போனவர்கள் அரைமணியில் வந்தார்கள். கன்னியம்மாக்கா இரண்டு மணி நேரம் கழித்து வந்தார், கையில் ஒரு வெள்ளைத் தாளோடு.

உள்ளே நடந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன். கையை ஒரு கண்ணாடி மேல் வைக்க வேண்டும். ரேகை விழுந்தால் பச்சை விளக்கு எரியும். எல்லாருக்கும் எரிந்தது, இவருக்கு எரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்கள், கையைத் துடைத்தார்கள், ஈரம் தொட்டு வைக்கச் சொன்னார்கள், விரல் மேல் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். பத்து விரலில் ஒன்றுக்குக்கூட எரியவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்கார அம்மா, மொழிபெயர்ப்பவர் மூலமாக, இந்தக் கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பாவு பிணைக்கிறேன், மூன்று தெருவுக்கு நான்தான் என்று இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா திரையைப் பார்த்திருக்கிறார். அங்கே என் இல்லத்தரசி உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பத்தைச் சரியாக நிரப்பி, ரேகை தெளிவாக விழும் கையோடு மறுபடி வாருங்கள் என்று தாளைக் கொடுத்துவிட்டார்கள்.

பஸ்ஸில் அவர் கையை வாங்கிப் பார்த்தேன். அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பார்த்ததில்லை. விரல் நுனிகள் தேய்ந்துபோன ஐம்பது காசு மாதிரி வழவழவென்று இருந்தன. தறியில் ஒரு பாவு முடிந்தால், அதன் வால் இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு விரலால் முறுக்க வேண்டும். ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. முப்பது வருஷம் முறுக்கியிருக்கிறார். கடல் தாண்டி இருக்கிறவர்களைக்கூடக் கண்டுபிடிக்கிற இயந்திரம் இந்த விரல்களுக்கு முன்னால் திகைத்து நின்றது என்றால், அது இயந்திரத்தின் குற்றமில்லை. ஆனால் அவர் அப்படி நினைக்கவில்லை. ஐப்பசிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

“என் கையில ஒண்ணுமே இல்லியாம் கண்ணு.”

விண்ணப்பம் இப்போது எங்கே

தோல் டாக்டர் பார்த்துவிட்டு, சாம்பலும் பட்டு நூலும் தொடாமல் மூன்று வாரம் கையைச் சும்மா வைத்திருந்தால் ரேகை மெல்ல முளைக்கும் என்றார். காலையும் மாலையும் தேங்காயெண்ணெய். சொல்வது சுலபம். தீபாவளிச் சரக்கு ஓடுகிற சமயம். வீட்டில் இருந்தால் யாராவது வந்து கூப்பிடுவார்கள், இவரும் போய்விடுவார். அதனால் தினமும் காலையில் என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று கட்டளை போட்டேன். வந்தார். முதல் நாளே, கீபோர்டுக்குப் போட்டிருந்த துணி உறையின் ஓரத்தில் பிரிந்திருந்த நூல்களை, என் கண் மறைந்த நேரம் பார்த்து ஒவ்வொன்றாகப் பிணைத்து வைத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் எழுந்து போனார்கள்.

பொழுது போகாமல், விண்ணப்பத்தை அனுப்பினால் அது எங்கே போகும் என்று ஒரு நாள் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்தப் பொத்தானை அழுத்தியதும் கடலுக்கு அடியில் போட்ட கம்பி வழியாக அந்த தேசத்துப் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து, வேண்டாதவர்கள் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார்கள். பிறகு அது சென்னை அலுவலகத்துக்குத் திரும்பும். நாம் கொண்டுபோகிற தாளில் இருக்கும் கறுப்புக் கோடுகளை அவர்கள் இயந்திரத்தில் காட்டினால், நம் கதை முழுக்க அவர்கள் திரையில் விரியும். சொல்லச் சொல்ல எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. தினமும் செய்கிற வேலையை ஒரு தரமாவது நான் இப்படி முழுதாக யோசித்துப் பார்த்ததில்லை.

அவர் எண்ணெய் தடவிய கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னார்:

“அப்போ எனக்கு முந்தி அது என் பொண்ணு கீற ஊரப் பாத்துட்டு வந்துடுச்சா.”

ஏகாம்பரம் பிணைத்த பாவு

முதல் வாரம் தெரு தாங்கிக்கொண்டது. இரண்டாவது வாரம், பாவும் குறுக்கு நூலான ஊடும் கொடுத்து நெய்ய வைக்கிற மாஸ்டர்கள் என் கடைக்கு நடக்க ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு பாவு, வெளியில் தெரியாது என்று கெஞ்சினார்கள். நான் வாசலிலேயே நிறுத்தி, எனக்கு வாய்த்த வாயால் திருப்பி அனுப்பினேன். பிணைக்க ஆள் வெளியூரிலிருந்து வந்தார்கள், ஆனால் பாதித் தறிகளுக்குத்தான் முடிந்தது. மிச்சத் தறிகள் சத்தமில்லாமல் கிடந்தன. அந்தத் தெருவில் நான் நடந்து போனேன். பகலில் அவ்வளவு அமைதியாக அதைக் கேட்டதில்லை. இந்த ஒரு அம்மாவின் இரண்டு விரல் இத்தனை வீட்டை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

அந்த வாரம்தான் ஏகாம்பரத்தின் தறியிலும் பாவு முடிந்தது. இது ஒரு பெரிய விஷயமா என்று அவரே உட்கார்ந்தார். கன்னியம்மாக்கா காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடுவார். இவருக்கு நாலு நாள் ஆயிற்று. முறுக்கிய இழைகள் இழுத்தால் விட்டன. வலது பக்கத்து இழை இடது பக்கம் போயிருந்தது. ஐந்தாம் நாள் கடைக்கு வந்தார். விரல் நுனியெல்லாம் சிவந்து கொப்புளித்திருந்தது. மனைவி அங்கே உட்கார்ந்திருந்தும் அவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்:

“சும்மா கீறான்னு நான் சொன்னத நீ அட்ச்சிட்டியே தங்கச்சி, அத்த எடுத்துடு.”

திரும்பி வருவாரா

எடுத்தேன். ஆனால் அந்த இடத்தில் என்ன போடுவது? தொழில்களின் பட்டியல் நீளமாக இருந்தது, பாவு பிணைப்பவர் அதில் இல்லை. ‘மற்றவை’ என்று போட்டால் விளக்கம் எழுத ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதில் ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன்: பட்டுத்தறிகளில் முடிந்த பாவோடு புதுப் பாவை இழை இழையாகக் கையால் சேர்ப்பவர், மூன்று தெருக்களுக்கு இவர் ஒருவரே. என் வாழ்க்கையில் நான் டைப் அடித்த உருப்படியான வரி அதுதான்.

இந்த மாதிரி விசாவில் அவர்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றுதான்: போகிறவர் திரும்பி வருவாரா? நிலம், வீடு, வேலை என்று எதையாவது காட்ட வேண்டும். கன்னியம்மாக்கா பெயரில் எதுவும் இல்லை. ஏகாம்பரம் வீடு வீடாகப் போய் பதினோரு மாஸ்டர்களிடம் கையெழுத்து வாங்கி வந்தார். நான் அடித்துக் கொடுத்த கடிதத்தில் ஒரே விஷயம்தான் இருந்தது. இவர் தை மாதத்துக்குள் திரும்பாவிட்டால் எங்கள் தறிகள் நிற்கும். அது பொய்யில்லை என்பதற்கு நின்ற தறிகளே சாட்சி. நானும் ஒரு பேச்சு சொல்லிக் கொடுத்தேன்: என்ன கேட்டாலும், குடும்பம் இங்கே இருக்கிறது, திரும்பி வருவேன் என்று சொல்லுங்கள்.

புரட்டாசிக் கடைசியில் மறுபடி அதே மரத்தடி. இந்த முறை எட்டு விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்ததாம். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மூன்று வாரத் தேங்காயெண்ணெய்க்கும் மசியவில்லை. அதே வெள்ளைக்கார அம்மா கடிதத்தைப் படித்தார். மகள் அங்கேயே இருந்துவிடு என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இவர் நான் சொல்லிக் கொடுத்ததை மறந்துவிட்டு, மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் இருந்ததே பெரிய பேஜாராகிவிட்டது, மூன்று மாதத்துக்கு மேல் தன்னால் முடியாது என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கையைக் காட்டச் சொல்லிக் கண்ணாடி வழியாக நிதானமாகப் பார்த்தாராம். பிறகு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரிடம் அவர் சொன்னதை மொழிபெயர்ப்பவர் தமிழில் சொல்லியிருக்கிறார். அதைக் கன்னியம்மாக்கா ஆரணி வரும் வரை எனக்கு நாலு தரம் சொன்னார்:

“அந்த ரெண்டு வெரல விட்ருங்க. அது வராததுதான் இவங்க தொழிலுக்கு அத்தாட்சி.”

கோடு

விசா வந்தது, கன்னியம்மாக்கா போய்ச் சேர்ந்தார், ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று தேவிகா அனுப்பிய மெயிலை நான்தான் ஏகாம்பரத்துக்குப் படித்துக் காட்டினேன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஆறு மாதம் தங்க அனுமதி இருந்தும், சொன்னபடி தை பிறந்ததும் கன்னியம்மாக்கா ஊர் வந்து சேர்ந்தார். மறுநாளே கடைக்கு வந்தார். குழந்தையின் போட்டோவை எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் தன் பத்து விரலையும் என் மேஜையில் விரித்தார். எல்லா விரலிலும் ரேகை, அந்த இரண்டிலும்கூட. மூன்று மாதமாகக் குழந்தையைத் தவிர வேறு எதையும் தொடாத கை. நான் ஸ்டாம்பு பேடைத் திறந்து வைத்தேன். வலது கட்டைவிரலைத் தொட்டு ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார். சுழி சுழியாக, ஒரு கோடு தப்பாமல் விழுந்தது. தன் ரேகை எப்படி இருக்கும் என்பதை நினைவு தெரிந்து அவர் அன்றுதான் பார்த்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

அக்கா, குழந்தைக்கு ஒரு வயதானால் மறுபடி போக வேண்டியிருக்கும், இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் சொன்னது விரலை. அவர் அந்தத் தாளை என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

“கோட்ட நீ வெச்சிக்க கண்ணு, கைய நான் எடுத்துகினு போறேன். நாலு பாவு காத்துகினு கீது.”

பதினெட்டு வருஷத்தில் என் கடையிலிருந்து போன விண்ணப்பங்களில் கோழி திருடியவர்கூட உண்மையைச் சொல்லத் துடித்தார், ‘இல்லத்தரசி’ என்று பொய் எழுதியது நான் ஒருத்திதான், அதைக் கண்டுபிடித்ததும் ரேகை பிடிக்கிற ஒரு சாண் கண்ணாடிதான்.